குருதிக்கட்டி உறிஞ்சல்

குருதிக்கட்டி உறிஞ்சல் என்பது மாரடைப்பின்போது இதயத் தமனியை அடைத்துள்ள இரத்தக்கட்டியை மெல்லிய வடிகுழாய் வழியே உறிஞ்சி அகற்றும் முறையாகும். அவசர ஆஞ்சியோபிளாஸ்டியில் ஸ்டென்ட் பொருத்துவதற்கு முன் இது செய்யப்படுகிறது. கட்டி சிதறிச் சென்று நுண்ணிய குழாய்களை அடைத்துவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

2008இல் நெதர்லாந்தில் 1,071 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு இம்முறைக்கு ஆதரவாக அமைந்தது. ஆயினும் 2013இல் 7,244 பேரைக் கொண்ட சுவீடன் தலைமையிலான ஆய்வில் இறப்பு குறையவில்லை. 2015இல் வெளியான, 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்விலும் பயன் தென்படவில்லை. 30 நாட்களுக்குள் பக்கவாதம் ஏற்பட்டோர் 0.3 விழுக்காட்டிலிருந்து 0.7 விழுக்காடாக மிகுந்திருந்தனர். எனவே அனைவருக்கும் இதனை வழக்கமாகச் செய்வது கைவிடப்பட்டது. பெரிய கட்டி எஞ்சியிருப்பின் மட்டும் மருத்துவர் இதனை நாடலாம்.

சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களைப் போல ஆஞ்சியோபிளாஸ்டிக் கூடம் தொலைவிலுள்ள இடங்களில், உறிஞ்சுவதைவிடக் காலமே முதன்மையான சிக்கல். அங்கு கட்டியை முதலில் மருந்தால் கரைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிறு மருத்துவமனைகள் பெரிய மருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டன. மருந்து பெற்றவர்கள் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். ஓராண்டு இறப்பு விகிதம் திட்டத்திற்கு முன் 17.6 விழுக்காடாகவும், பின் 14.2 விழுக்காடாகவும் இருந்தது.