உங்களுக்குத் தெரியுமா? கபினிக் கரைப் பையனும் மறந்துபோன பிரிட்டிஷ் டாக்கிகளும்

உத்தனப்பள்ளியைச் சுற்றி இன்று கைப்பேசிப் பாகங்கள் தயாராகின்றன. ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள் படம் பார்ப்பதும் கைப்பேசியில்தான். அந்தச் சின்னத் திரையில் 1930களின் பிரிட்டிஷ் படங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள் என்று சொல்வதற்கே இந்த வாரத் துணுக்குகள். நம்மை ஆண்ட நாடு அந்தக் காலத்தில் என்ன படம் எடுத்தது என்று கேட்டால், ஹிட்ச்காக் பெயரோடு பலர் நின்றுவிடுகிறோம். அந்தப் படங்களில் நம் பக்கத்து மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஆண்டது லண்டன், ஓடியது ஹாலிவுட்

1920களில் இந்தியக் கொட்டகைகளில் ஓடிய படங்களில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. லண்டனுக்கு இது உறுத்தியது. 1927இல் இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி அமைந்தபோது, பேரரசுக்குள் எடுத்த படங்களுக்குச் சலுகை தரலாமா என்பதும் அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி. கமிட்டியின் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். பேரரசுச் சலுகை தேவையில்லை, கைகொடுப்பதானால் இந்தியப் படத்துக்குக் கொடுங்கள் என்பதே அவர் பக்கத்து நிலை. அடிமை நாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதிய துணிச்சலுக்காகவே அந்த அறிக்கையை இன்றும் படிக்கலாம்.

அடிக்கு ஒரு பவுண்டு

பிரிட்டனுக்குள்ளும் இதே கதைதான். ஹாலிவுட் படங்கள் உள்ளூர்ப் படங்களை விழுங்கிக்கொண்டிருந்தன. 1927இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கொட்டகையும் குறிப்பிட்ட விகிதம் பிரிட்டிஷ் படம் காட்டியாக வேண்டும், விநியோகஸ்தரும் அப்படியே விநியோகித்தாக வேண்டும். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கூடி 20 சதவீதத்தை எட்டும். அமெரிக்க விநியோகஸ்தர்கள் இதற்கு எளிய வழி கண்டுபிடித்தார்கள். லண்டனில் யாரையாவது பிடித்து, மிகக் குறைந்த செலவில், ஓரிரு வாரத்தில் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். கூலி, முடிந்த படச்சுருளின் நீளத்தில் அடிக்கு ஒரு பவுண்டு. கணக்குக்காக எடுத்த இந்தப் படங்களுக்குக் 'கோட்டா குவிக்கி' என்று பெயர். காலையில் கொட்டகையைப் பெருக்குகிறவர்களுக்கு மட்டும் இவற்றை ஓட்டிக் கணக்குக் காட்டினார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு.

அப்படியானால் எல்லாம் குப்பையா? இல்லை. மைக்கேல் பவல் என்ற இளைஞர் 1931 முதல் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத்தான் தொழில் கற்றார். அவருடைய 'ரைனாக்ஸ்' முக்கால் மணி நேரப் படம்தான், ஒரு காட்சிகூட வீணாகவில்லை. கலங்கரை விளக்கத்தை வைத்து எடுத்த 'தி பேண்டம் லைட்' 1935இல் வந்தது. கையில் காசில்லாதபோது நிழலையும் வெளிச்சத்தையும் வைத்து எப்படிக் கதை சொல்வது என்று குறும்படம் எடுக்க நினைக்கும் எவரும் இந்த இரண்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கபினிக் கரையிலிருந்து டென்ஹாமுக்கு

ஓசூர் தாண்டினால் கர்நாடகம். மைசூருக்கும் தெற்கே, கபினி ஆற்றோரக் காட்டுக் கிராமம் காராபுரம். 1924இல் அங்கே ஒரு யானைப்பாகனின் மகனாகப் பிறந்தவர் சாபு. தந்தை இறந்தபின் மைசூர் அரண்மனை யானைக் கொட்டாரத்தில் வளர்ந்தார். 1935இல் லண்டன் ஃபிலிம்ஸ் நிறுவனத்துக்காக இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்டி குழுவோடு மைசூர் வந்தார். கிப்ளிங்கின் யானைக் கதைக்கு ஒரு சிறுவன் தேவைப்பட்டான். ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பொரடைல் கண்ணில் சாபு பட்டார்.

மைசூர் அரசு யானைகளைக் கொடுத்து உதவியது. ஃப்ளாஹர்டி காட்டில் மாதக்கணக்கில் எடுத்துத் தள்ளினார், கதைதான் நகரவில்லை. தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா பொறுமை இழந்து, சிறுவனை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார். மீதிக் காட்சிகளைத் தம்பி ஸோல்டன் கோர்டா டென்ஹாம் ஸ்டுடியோவில் எடுத்தார். 1937இல் வெளிவந்த 'எலிஃபன்ட் பாய்' வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசு வாங்கியது.

இன்று பார்த்தால் படத்தில் இரண்டு உலகம் தெரியும். ஸ்டுடியோவில் வெள்ளைக்கார நடிகர்கள் இந்தியர் வேஷம் போட்டுப் பேசும் காட்சிகள் பழசாகிவிட்டன. மைசூர்க் காட்டில் எடுத்தவை அப்படியே உயிரோடு இருக்கின்றன. யானை மேல் ஏறும்போது சாபுவின் கால் எங்கே மிதிக்கிறது, கை எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். நடிப்புப் பள்ளியில் அதைச் சொல்லித்தர முடியாது. நாம் பார்ப்பது ஒரு பாகன் பிள்ளையின் தொழில். தளி, ஜவளகிரிக் காடுகளில் யானைக் கூட்டம் இறங்கும் செய்தியை வருஷா வருஷம் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் படம் கூடுதலாகப் பிடிக்கும்.

அதே சாபு, வேறு படம், ஊரெங்கும் எதிர்ப்பு

அடுத்த ஆண்டே சாபுவை வைத்துக் கோர்டாக்கள் எடுத்த 'தி டிரம்', வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷ் படையின் பெருமை பாடியது. 1938இல் பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு கிளம்பி, படம் திரையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பதினான்கு வயதுப் பையன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தை எடுத்தவர்கள் பார்வை அது. பின்னாளில் சாபு அமெரிக்கக் குடிமகனாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். 1963இல் இறந்தபோது வயது 39.

மேலே சொன்ன மைக்கேல் பவல்தான் 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தின் இயக்குநர்களில் ஒருவர். 'பிளாக் நார்சிசஸ்' படத்தை எடுத்தவர்களில் ஒருவரும் அவரே. இரண்டிலும் சாபு உண்டு.

ஒருவர் வாய், இன்னொருவர் குரல்

ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' மௌனப் படமாகத் தொடங்கி 1929இல் டாக்கியாகவும் வந்தது. கதாநாயகி ஆன்னி ஓந்த்ராவுக்குச் செக் நாட்டு உச்சரிப்பு. டப்பிங் வசதி இல்லாத காலம். கேமராவில் படாத இடத்தில் நின்று ஜோன் பாரி மைக்கில் பேச, ஓந்த்ரா வாயை மட்டும் அசைத்தார். நம் ஆரம்பகால டாக்கிகளிலும் பாடகர் கேமரா முன் பாட, ஆர்மோனியமும் தபலாவும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன என்று கேட்டிருக்கிறோம். தமிழில் பின்னணிக் குரல் முறையாக வந்தது 1938இன் 'நந்தகுமார்' படத்தில்; பாடியவர் லலிதா வெங்கட்ராமன்.

ஒரே கதை, பல மொழி

1929இல் லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் இ. ஏ. டூபாண்ட் எடுத்த 'அட்லாண்டிக்', டைட்டானிக் விபத்தைத் தழுவிய படம். ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் கூட்டம், ஜெர்மனுக்கு இன்னொரு கூட்டம், அதே அரங்கம். படம் பேசத் தொடங்கியதும் மொழி ஒரு சுவராக எழுந்ததால், அதைத் தாண்ட இப்படியெல்லாம் முயன்றார்கள்.

நம் 'காளிதாஸ்' இந்தச் சுவரைக் கண்டுகொள்ளவே இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான அந்த முதல் தமிழ் டாக்கியில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். கூட இந்தியும் இருந்தது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பஸ்ஸில் கன்னடம் என்று பழகிய உத்தனப்பள்ளிக்காரருக்கு அந்தப் படம் ஒரு துளிக் குழப்பமும் தந்திருக்காது.

மில் மூடிய கதை

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் தவறவிடக் கூடாத படம் 'சிங் அஸ் வீ கோ', 1934. லங்காஷயர் பஞ்சாலை மூடப்படுகிறது. வேலை போன பெண் தொழிலாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரை நகரத்துக்கு வேலை தேடிப் போகிறாள். எழுதியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி. நடித்த கிரேசி ஃபீல்ட்ஸ் ராச்டேல் ஊர்க்காரர். சிறுவயதில் பஞ்சாலையில் வேலை செய்தவர். உழைக்கும் பெண்ணின் நடையும் குரலும் அவருக்கு வேஷமில்லை. கடைசியில் ஆலை திறக்கிறது, பாடிக்கொண்டே எல்லாரும் உள்ளே போகிறார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே அந்த முடிவு கொஞ்சம் இனிப்புதான். ஆனாலும் ஆலை மூடுவதை ஒரு ஜனரஞ்சகப் படத்தின் முதல் காட்சிகளிலேயே வைத்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பொம்மை ரயில்

'நைட் மெயில்', 1936. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் தபால் ரயிலைப் பற்றிய ஆவணப்படம். கடிதம் பிரிக்கும் பெட்டியின் உட்புறம் ஸ்டுடியோவில் போட்ட செட். உண்மையான தபால் ஊழியர்களே அதில் நின்று, ரயில் ஓடுவதுபோல் உடம்பை ஆட்டினார்கள். தண்டவாள ஓசை சரியாகப் பதிவாகாமல், கடைசியில் பொம்மை ரயிலை ஓட்டிப் பதிந்த சத்தமும் படத்தில் சேர்ந்தது.

சேலத்துக்காரர் லீட்ஸில் படித்தார்

மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏற்காடு சாலையில் 1935இல் ஸ்டுடியோவுக்கு அடித்தளமிட்டார். 1937இல் முதல் படம் 'சதி அகல்யா'. மறு ஆண்டே மலையாளத்தின் முதல் டாக்கி 'பாலன்' அங்கிருந்து வந்தது. நம் பகுதி அன்று சேலம் மாவட்டம். தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆக, அது நம் மாவட்டத்து ஸ்டுடியோ!

தொலைந்ததும் கிடைத்ததும்

போரிஸ் கார்லாஃப் நடித்த 'தி கூல்' 1933இல் வந்த பிரிட்டிஷ் பேய்ப் படம். பல பத்தாண்டுகள் அழிந்தேபோனது என்று நினைத்தார்கள். 1969இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு தேய்ந்த பிரதி கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மறந்துபோன அறை ஒன்றில் நல்ல நெகட்டிவே கிடைத்தது. எதிர்காலப் போரைக் கற்பனை செய்த 'ஹை டிரீசன்' படத்தின் பேசும் பிரதி அலாஸ்காவில் அகப்பட்டது.

நம்முடைய 'காளிதாஸ்' இல்லை. இந்தியாவின் முதல் டாக்கி 'ஆலம் ஆரா' இல்லை. கன்னடத்தின் முதல் டாக்கி, 1934இன் 'சதி சுலோச்சனா'வும் இல்லை. பழைய நைட்ரேட் சுருள் தானே மக்கும், தீப்பொறி பட்டால் குப்பென்று எரியும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. பிரிட்டன் 1935லேயே தேசியத் திரைப்பட நூலகம் தொடங்கிவிட்டது. புனேயில் நம் ஆவணக் காப்பகம் வந்தது 1964இல். இடையில் போன இருபத்தொன்பது ஆண்டுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. பழைய கொட்டகை இருந்த வீடுகளில், பரண்மேல் துருப்பிடித்த தகரப் பெட்டி எதுவும் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நெருப்புக்கு அருகே கொண்டுபோகாமல், காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தேவிகா ராணியின் ஆங்கிலப் படம்

ஹிமான்ஷு ராய் தயாரித்து, தேவிகா ராணி நடித்த 'கர்மா' 1933 மே மாதம் லண்டனில் வெளியானது. ஆங்கிலம், இந்தி இரண்டிலும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ராயும் தேவிகா ராணியும் சேர்ந்து பம்பாய் டாக்கீஸைத் தொடங்கினார்கள்.

தேயிலைக்கு எடுத்த படம், காவியமானது

இதில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் நான் கைகாட்டுவது 'சாங் ஆஃப் சிலோன்', 1934. இலங்கைத் தேயிலை விளம்பர வாரியம் பணம் கொடுத்தது. நான்கு சின்னச் சின்னச் சுற்றுலாப் படம் எடுக்கத்தான் பேசியிருந்தார்கள். இயக்குநர் பாசில் ரைட் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஒரே படமாகக் கொண்டுவந்தார். பிரஸ்ஸல்ஸ் விழாவில் 1935இல் முதல் பரிசு. கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டு பிடிபட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து வரிகள் வருகின்றன. வாசிப்பவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். லண்டன் அறிவிப்பாளரின் கம்பீரக் குரலை விட்டுவிட்டு, இலங்கைக்காரர் ஒருவரின் அடங்கிய குரலைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குப் பெரிய காரியம்.

மூன்றாம் பகுதியில் கொழுந்து பறிக்கும், தேங்காய் இறக்கும் காட்சிகள். காதில் விழுவதோ லண்டன் சந்தையின் விலை நிலவரம், கடிதம் சொல்லி எழுதவைக்கும் முதலாளிக் குரல், கப்பல் அறிவிப்பு. திரையில் உழைப்பு, ஒலியில் அதன் லாபம். பணம் கொடுத்த வாரியம் என்ன நினைத்ததோ, படம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

அந்தத் தோட்டங்களின் உழைப்பாளிகளில் பெரும்பாலானோர் தமிழர். கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் ஒன்று. மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாருக்குப் போனவர்களின் வழிவந்தவர்களே, 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே திரும்பியவர்களில் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி யாரேனும் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கூடையை எப்படி மாட்டுகிறார்கள், எந்த விரலால் கிள்ளுகிறார்கள் என்று அவர் சொல்லும் விளக்கம் எந்தத் திரைப்பட நூலிலும் கிடைக்காது.

பார்க்கும்போது ஒரு யோசனை: காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் இரைச்சல் உண்டு, வசனம் முதல் பத்து நிமிடம் பிடிபடாது. 'எலிஃபன்ட் பாய்', 'பிளாக்மெயில்', 'நைட் மெயில்', 'சாங் ஆஃப் சிலோன்' நான்கும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன.