இருவர் பாய்கிறார்கள், ஒருவன் தடுக்கிறான்!

கனடா நாட்டில் குளிர்காலம் வந்தால் வீட்டுக் கொல்லையில் ஊற்றிய தண்ணீர்கூடப் பாறைபோல் இறுகிவிடும். அங்குள்ள பையன்களுக்கும் பெண்களுக்கும் அதுதான் மைதானம். ஆட்டம், ஐஸ் ஹாக்கி!

இதில் பந்து கிடையாது. 3 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள ரப்பர் வட்டுதான் உண்டு. பூட்சின் அடியில் கத்தி போன்ற எஃகுத் தகடு. சறுக்கிக்கொண்டே மட்டையால் வட்டைத் தள்ள வேண்டும். கட்சிக்கு 6 பேர். அவர்களில் ஒருவர் கோல் கீப்பர்.

ஆட்டத்தில் நெஞ்சு படபடக்கும் கட்டம் ஒன்று உண்டு. எதிரிகள் இருவர் வட்டோடு பாய்ந்து வருகிறார்கள். தடுக்க நிற்பவன் ஒரே ஒருவன். மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

யாரைத் தடுப்பது?

பழகாத பையன், வட்டு வைத்திருப்பவன் மேல் பாய்வான். அவனோ வட்டைத் தோழனுக்குத் தள்ளிவிடுவான். அப்புறம் கோல்தான்!

ஆகவே பயிற்சியாளர் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார். நடுக்கோட்டில் இரண்டு பிள்ளைகள்; எதிரே ஒரு பிள்ளை; கோலில் ஒரு பிள்ளை. விசில் ஊதியதும் இருவர் கிளம்புவார்கள். தடுப்பவன் அவர்களைப் பார்த்தபடியே பின்புறமாகச் சறுக்க வேண்டும். இருவருக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். மட்டையைத் தரையோடு வைத்து, வட்டு குறுக்கே போகும் வழியை அடைக்க வேண்டும்.

"வட்டு வைத்திருப்பவன் அடித்துவிடுவானே?" என்று கேட்கலாம். அடிக்கட்டும்! அதைப் பார்த்துக்கொள்வது கீப்பரின் பொறுப்பு. வட்டு குறுக்கே போனால்தான் கீப்பருக்கு ஆபத்து. அவர் நகர்வதற்குள் அது உள்ளே புகுந்துவிடும்.

மோதித் தள்ளலாகாதா? கூடாது. பிள்ளைகளுக்கு அடிபடுவதைக் குறைக்க, 12 வயது வரையுள்ளவர்களின் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தடுப்பதைக் கனடா ஹாக்கிச் சங்கம் 2013-ல் தடை செய்தது.

கொடுத்தவரே பெரியவர்

பாய்கிறவர்களுக்கும் பாடம் உண்டு. நெருங்கி ஓடினால் ஒருவனே இருவரையும் மடக்கிவிடுவான். அகன்று போக வேண்டும். நீலக்கோட்டை வட்டு தாண்டுமுன் தோழன் தாண்டக் கூடாது. தடுப்பவன் தன் பக்கம் சாய்ந்தால் வட்டைக் கொடுக்க வேண்டும். சாயாவிட்டால் தானே அடிக்க வேண்டும்.

பத்து வயதுப் பையனுக்குச் சறுக்குவது கஷ்டம் அல்ல. வட்டைக் கொடுப்பதுதான் கஷ்டம்! கைதட்டல் கோல் அடித்தவனுக்கு அல்லவா?

பிராண்ட்போர்டு என்ற ஊரில் 1961-ல் பிறந்தவர் வெயின் கிரெட்ஸ்கி. தகப்பனார் வால்டர் கொல்லையில் தண்ணீர் விட்டு உறைய வைத்த தரையில் பழகியவர். 1999-ல் ஓய்வு பெற்றபோது, தேசிய ஹாக்கி லீகில், பிளே-ஆப் ஆட்டங்கள் நீங்கலாக, அவர் அடித்த கோல்கள் 894. பிறர் கோல் அடிக்க வட்டைக் கொடுத்து உதவியது 1,963 முறை!

அவருடைய கோல் சாதனையை 2025-ல் ரஷ்ய வீரர் அலெக்ஸ் ஒவெச்கின் முறியடித்துவிட்டார். கொடுத்த கணக்கை மட்டும் இன்னும் யாரும் நெருங்கவில்லை. வட்டைக் கொடுக்கத் தயங்கும் பையனுக்குச் சொல்ல, இதைவிட நல்ல கதை வேண்டுமா?