தொடாமல் விடு... தானா ஏமாறுவான்!

எதிரே நிற்கிறவர் உங்களைவிட 30 கிலோ கூடுதல் வெயிட். வேகமும் ஜாஸ்தி. அவரைத் தாண்டிப் போகணும். என்ன பண்ணுவீங்க பாஸ்? ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்திட்டு வர்றேன்னு கிளம்பினா, அதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும்.

'அவரைத் தள்ளவே வேண்டாம். தொடாம விட்டுடுங்க. ஆனா, அவர் எந்தப் பக்கம் போனாலும் அது தப்பான பக்கமா இருக்கணும்!' இது அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் கோச்சுகள் கண்டுபிடித்த வழி. பெயர், ஆப்ஷன்.

ஃபுட்பால்னதும் நம்ம ஊர் கால்பந்தை நினைச்சுக்காதீங்க. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மோதி முன்னேறுகிற ஆட்டம். டீமுக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அங்கிருந்துதான் கதை.

11-ல் 2 போனால்...

சாதாரண ஓட்டத்தில் குவார்ட்டர்பேக், பந்தை ரன்னிங்பேக்கிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். ஓடுகிறவர் ஒருவர், வேலை முடிந்தவர் ஒருவர். மிச்சம் 9 பேர்தான் எதிராளிகளை மறித்து 'பிளாக்' செய்ய முடியும். எதிரே இருப்பதோ 11 பேர். ஆக, இரண்டு பேரைத் தடுக்க ஆளே இல்லை!

ஆப்ஷன் இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறது. எதிரணி வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே பிளாக் பண்ணாமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங்பேக்கின் வயிற்றில் வைப்பார். ஆனால், கையை எடுக்க மாட்டார். கண் முழுக்க அந்த ஓரத்து ஆள் மேலேயே இருக்கும். அவர் ரன்னிங்பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு அவர் காலி செய்த இடம் வழியாக குவார்ட்டர்பேக்கே ஓடுவார். பாயாமல் அங்கேயே நின்றால், பந்து ரன்னிங்பேக்குக்கு.

சி புரோகிராமில் நாம எழுதற இஃப்-எல்ஸ்தான். என்ன ஒண்ணு, இன்புட் கொடுக்கறது எதிராளி! யாரும் கை வைக்காமலே ஒருத்தர் அவுட். இப்போது 9 பேர் சமாளிக்க வேண்டியது 11 பேரை அல்ல, 10 பேரைத்தான்.

கூடைப்பந்தில் சுட்ட ஐடியா

1941-ல் மிசௌரி பல்கலைக்கழகக் கோச் டான் ஃபாரட் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். கூடைப்பந்தும் ஆடியவர் அவர். அங்கே இரண்டு பேர் பந்தோடு வர, தடுக்க ஒரே ஒருவர் நின்றால் என்ன ஆகும்? அவர் பந்து வைத்திருப்பவரிடம் வந்தால், பந்து பக்கத்து ஆளுக்குப் போய்விடும். அதை அப்படியே ஃபுட்பாலுக்குக் கொண்டு வந்தார் ஃபாரட்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1943-ல், கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அவர் கோச்சாக இருந்தார். அங்கே உதவியாளராக இருந்து இதைக் கற்றுக்கொண்ட பட் வில்கின்சன், பிறகு ஓக்லஹோமா டீமுக்குப் போனார். 1953 முதல் 1957 வரை அந்த டீம் தொடர்ந்து 47 மேட்ச் ஜெயித்தது!

1968-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேரைக் கோழியின் நெஞ்செலும்பு வடிவத்தில் நிறுத்தினார். அதனால் பெயரே 'விஷ்போன்'. இதில் தொடாமல் விடுவது இரண்டு பேரை. முதல் ஆளைப் பார்த்து, பந்தை நடுவில் பாய்கிறவருக்குக் கொடுப்பதா என்று முடிவு. கொடுக்காவிட்டால் ஓரமாக ஓடி, இரண்டாவது ஆளைப் பார்த்து, தானே ஓடுவதா, பக்கத்தில் வருகிறவருக்கு பந்தைத் தூக்கிப் போடுவதா என்று முடிவு. எல்லாம் ஓரிரு விநாடிக்குள்!

அந்த சீசனின் முதல் மேட்ச் டிரா, இரண்டாவது தோல்வி. அப்புறம்? வரிசையாக 30 வெற்றி!

திருடனும் போலீஸும்

எதிரணி மட்டும் சும்மா இருக்குமா? 'நம்ம ஆளைப் பார்த்துத்தானே முடிவு எடுக்கறாங்க, பொய்யான இன்புட் கொடுப்போம்' என்று கிளம்பினார்கள். ஓரத்து ஆள் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். குவார்ட்டர்பேக் 'ஆஹா, காலி' என்று வெளியே ஓடுவார். பின்னால் இருந்த லைன்பேக்கர் சுற்றி வந்து அந்த இடத்தில் ரெடியாக நிற்பார். டமால்!

ஆப்ஷன்காரர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். சுற்றி வருகிற லைன்பேக்கரை பிளாக் பண்ண முன்கூட்டியே ஒருவரை வெளியே அனுப்புவார்கள். அல்லது தொடாமல் விடுகிற ஆளையே மாற்றி, நடுவில் நிற்கும் குண்டு ஆசாமியை விட்டுவிடுவார்கள். யாரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதே எதிரணிக்குக் குழப்பமாகிவிடும்.

பலமில்லாதவரின் ஆயுதம்

இந்த டெக்னிக்கின் உண்மையான அருமை, அமெரிக்கக் கடற்படை அகாடமியான நேவி டீமுக்குத்தான் தெரியும். அங்கே படித்து முடித்ததும் ராணுவப் பணிக்குப் போக வேண்டும். அதனால், பெரிய யுனிவர்சிட்டிகளில் இருப்பதுபோல 140 கிலோ ஆசாமிகளாகப் பார்த்துச் சேர்க்க முடியாது. 1963-க்குப் பிறகு நோட்டர் டேம் டீமிடம் தொடர்ந்து 43 முறை தோற்றிருந்தது நேவி. வருஷத்துக்கு ஒரு தோல்வி!

2002-ல் கோச்சாக வந்தார் பால் ஜான்சன். ஆப்ஷன் ஸ்பெஷலிஸ்ட். முதல் சீசனில் 2 வெற்றி, 10 தோல்வி. மனுஷன் அசரவில்லை. அடுத்த சீசனில் 8 வெற்றி. 2004 எமரால்டு பௌல் மேட்ச்சில் நியூ மெக்சிகோவுக்கு எதிராக நேவி பந்தை விடாமல் 26 முயற்சிகளில் 94 யார்டு முன்னேறியது. அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிஷம் 26 விநாடி. மொத்த ஆட்டமே 60 நிமிஷம்தான்! பலசாலி எதிரணி அவ்வளவு நேரமும் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2007 நவம்பரில் மூன்று கூடுதல் ஆட்டம் வரை போய், 46-44 என்று நோட்டர் டேமை வீழ்த்தியது நேவி. 44 வருஷத்துக் காத்திருப்பு முடிந்தது.

இலவசமா எதுவும் கிடைக்காது. தொடாமல் விட்ட அந்த ஆள் சும்மா போக மாட்டார், குவார்ட்டர்பேக்கை இடித்துத் தள்ளுவார். பந்தைத் தூக்கிப் போடும்போது கை தவறினால் எதிரணிக்குக் கொண்டாட்டம். நிறைய பாயின்ட் பின்தங்கிவிட்டால் மெதுவாக ஓடி எட்டிப் பிடிப்பதும் கஷ்டம். போதாக்குறைக்கு, வரிசைக்கு வெளியே இடுப்புக்குக் கீழே பிளாக் பண்ணுவதற்கு 2022-ல் தடை வந்தது. ஆப்ஷன் டீம்களுக்கு அது பெரிய அடி. 'அவ்வளவுதான், ஆப்ஷன் அம்பேல்' என்றார்கள். 2024-ல் குவார்ட்டர்பேக்கையே ஓட விட்டு 12 மேட்ச் ஜெயித்து, தன் முதல் கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தூக்கியது ராணுவ அகாடமியின் ஆர்மி டீம்!

உங்க காலேஜ் டீமிலும் எதிரே ஒரு மலை வந்து நிற்கும். 'இவனை எப்படித் தள்றது?'ன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. 'இவனை விட்டுட்டா எனக்கு ஓர் ஆள் மிச்சமாகுமே, அவனை எங்கே நிறுத்தலாம்?'னு யோசிங்க. ஆனா, முடிவை மட்டும் முன்னாடியே எடுத்துடாதீங்க. மலை எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துட்டு எடுங்க!