எல் அடெம் விமானத்தளமும் பாலைவனத் தூசியும்

புதுதில்லியில் தீன் மூர்த்தி பவன் என்று இன்று வழங்கும் மாளிகை, பண்டித நேரு அங்கே குடிபுகுவதற்கு முன்னால், பிரிட்டிஷ் இந்தியாவின் பிரதம சேனாதிபதிக்குரிய வாசஸ்தலமாக இருந்தது. 1941 ஜூலையில் அம்மாளிகைக்கு உரியவர் மாறினார். அதுவரை அங்கிருந்த ஆக்கின்லெக் கெய்ரோவுக்குப் புறப்பட்டார். கெய்ரோவிலிருந்து வட ஆப்பிரிக்க யுத்தத்தை நடத்திவந்த வேவல் தில்லிக்கு வந்து சேர்ந்தார். ஒருவர் பிடித்து இழந்ததை மற்றவர் மீட்கப் போனார் என்று இந்த மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லலாம். அப்படிப் பிடித்து இழந்து மீட்கப்பட்ட ஸ்தலங்களில் ஒன்று, டோப்ருக் துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல் அடெம் விமானத்தளம்.

டோப்ருக், லிபியாவின் கிழக்குப் பகுதியில் மத்தியதரைக் கடலோரமாக அமைந்த இயற்கைத் துறைமுகம். அதற்குத் தெற்கே நிலம் மெல்ல உயர்ந்து, சுண்ணாம்புப் பாறையாலான பீடபூமியாகப் பரந்து கிடக்கிறது. ஆறு கிடையாது, நிழல் தரும் மரமும் கிடையாது. லிபியாவை அக்காலத்தில் ஆண்டுவந்த இத்தாலியர், பாலைவனத் தடங்கள் சந்திக்கும் எல் அடெமில் தங்கள் ஆகாயப் படைக்கு ஒரு தளம் அமைத்தனர். 1941 ஜனவரியில் வேவலின் சேனை அதனைக் கைப்பற்றியது. ஏப்ரலில் ஜெர்மானியத் தளபதி ரோம்மல் வந்து பறித்துக்கொண்டார். டிசம்பரில் ஆக்கின்லெக்கின் படைகள் மீட்டன. 1942 ஜூனில் மறுபடியும் ரோம்மல். அவ்வாண்டு நவம்பரில், எகிப்தின் எல் அலமைனில் பெற்ற வெற்றிக்குப் பின், மறுபடியும் பிரிட்டிஷார். ஆக, இரண்டு ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் ஒரே தளம் ஐந்து முறை கைமாறிற்று.

இந்தக் கைமாற்றங்களில் இந்தியர் பங்கு சொற்பமன்று. இந்தியாவின் 18-ஆம் குதிரைப்படை, குதிரைகளைத் துறந்து மோட்டார் ஏறிய படை, 1941-இல் ரோம்மல் டோப்ருக்கை முற்றுகையிட்டபோது அரணுக்குள் இருந்து காவல் புரிந்தது. 1942 ஜூன் மாத நடுவில் எல் அடெம் அரணைக் காத்து நின்றது 29-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட். 16-ஆம் தேதி இரவு அது வெளியேறியபின், ஐந்தே நாட்களில் டோப்ருக் வீழ்ந்தது. ரோம்மலின் இந்தத் தாக்குதல் தொடங்கிய வேளையில், அதாவது மே 27-ஆம் தேதி, பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்னுமிடத்துக்கு அருகே மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் அவருடைய டாங்கிகளை நேருக்கு நேர் எதிர்கொண்டது. அங்கே பீரங்கிப் படை அதிகாரியாகப் போரிட்டு, வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்று, சிறையும் பட்டவர், சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர் பி.பி. குமாரமங்கலம். அவர்தாம் 1966 முதல் 1969 வரை சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைவராகத் தில்லியில் வீற்றிருந்தார்.

ஒரு வெற்றுத் திடலுக்காக இத்தனை ரத்தம் ஏன் சிந்த வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் முதலாவதாகப் பூகோளத்தில் இருக்கிறது. அந்நாளைய சண்டை விமானம், பெட்ரோல் தீருமுன் திரும்பி வந்தாக வேண்டுமாதலால், தன் தளத்தை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்துக்குள் மட்டுமே அதிகாரம் செலுத்தும். தளத்தை முன்னே நகர்த்தினால் வட்டமும் நகரும். 1942 நவம்பர் 15-ஆம் தேதி, டோப்ருக்குக்கு மேற்கே டெர்னாவை அடுத்த மர்த்தூபா விமானத்தளங்கள் பிடிபட்டன. 17-ஆம் தேதி அலெக்சாண்டிரியாவிலிருந்து புறப்பட்ட சரக்குக் கப்பல்கள், அத்தளங்களிலிருந்து எழுந்த விமானங்களின் காவலில், முற்றுகையால் வாடிய மால்டா தீவை 20-ஆம் தேதி சென்றடைந்தன. பாலைவனத்தில் பிடித்த மண், கடலில் கப்பலைக் காத்தது.

இரண்டாவது பதில் மண்ணிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு விமானத்தளம் என்றால் கொட்டகைகள், சாலைகள், கான்கிரீட் பாதைகள் அனைத்தும் சேர்ந்தது. அவற்றைத் தகர்த்துவிட்டால், வெற்றி பெற்றவனுக்கு மிஞ்சுவது இடிபாடே. லிபியாவின் பீடபூமியிலோ இயற்கையே தளம் அமைத்து வைத்திருக்கிறது. அங்கே நிலத்தின் மேற்பரப்பில் சிறு கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தச்சன் இழைத்தாற்போன்ற ஒரு கல் தளமாகப் பரந்திருக்கும். காற்றில் வந்த நுண்ணிய தூசி அக்கற்களின் இடுக்கில் இறங்கி, அடியில் படிந்து, அவ்வப்போது பெய்யும் சிறு மழையில் இறுகி, கெட்டியான ஓர் ஓடாக உறைந்திருக்கும். பெருங்கற்களை அகற்றிவிட்டால் சில நாட்களிலேயே விமானம் இறங்கத்தக்க திடல் தயார். ஓடிப்போகிறவனால் அதைத் தூக்கிச் செல்லவும் முடியாது, எளிதில் அழிக்கவும் முடியாது. பின்வாங்கிய ஜெர்மானியர் சில திடல்களை ஏர் கட்டி உழுதும் கண்ணிவெடி புதைத்தும் பார்த்தார்கள். அவையும் எதிரிக்குச் சிலநாள் தாமதமே தந்தன.

ஆனால் உழாமலே உழுத பலன் உண்டாக வேறொரு வழி இருந்தது. கல் தளமும் அதன் கீழுள்ள ஓடும், மனிதக் காலடிக்கும் ஒட்டகப் பாதத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்குமே தவிர, டாங்கியின் சங்கிலிக்கும் லாரியின் சக்கரத்துக்கும் ஈடுகொடுப்பதில்லை. பல நூற்றாண்டுகளில் இறுகிய ஓடு ஒரு நாள் பிற்பகலில் பொடியாகிவிடும். அதன்பின் நிகழ்வது என்ன என்பதை நம் வீட்டு முறம் நன்றாகக் காட்டும்: புடைக்கும்போது அரிசி துள்ளித் துள்ளி முறத்திலேயே விழுகிறது, உமி மட்டும் காற்றோடு போகிறது. மணற்பருக்கை அரிசியின் இனம். காற்று தூக்கினால் சிறிது தூரம் துள்ளி, தரையை மோதி, வேறு பருக்கைகளைத் துள்ளச் செய்யும். அந்த மோதலில் எழும்பும் மிக நுண்ணிய தூசியோ உமியின் இனம். ஆயிரக்கணக்கான அடி உயரம் ஏறி நாட்கணக்கில் மிதக்கும். மணல் துள்ளும் இம்முறையைச் சோதனைச்சாலையில் காற்றுக் குழாய் வைத்து அளந்து, 1941-இல் ஒரு நூலாகவே வெளியிட்டவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. எதிரியின் பின்புறத்தில் நெடுந்தூரம் சுற்றி வேவு பார்த்த பாலைவன ரோந்துப் படையைத் தோற்றுவித்தவரும் அவரே; அப்படையோடு பிற்பாடு ஓர் இந்தியப் பிரிவும் சேர்ந்து பணிபுரிந்தது. செவ்வாய்க் கிரகத்து மணற்குன்றுகளை ஆராய்வோர் இன்றும் பாக்னால்டின் சூத்திரங்களிலிருந்தே தொடங்குகிறார்கள்.

யுத்தம் தூசியை வளர்த்தது என்பது வெறும் ஊகமன்று. அலெக்சாண்டிரியாவுக்கு மேற்கே மரியூட் பிரதேசத்தில் வசித்த ஃபிரான்சிஸ் ஆலிவர் என்ற தாவர சாஸ்திரி, 1939 முதல் 1945 வரை அங்கு வீசிய புழுதிப் புயல்களைக் குறித்துவைத்தார். சேனைகள் அந்நிலத்தில் முகாமிட்டு வண்டிகள் ஓடிய ஆண்டுகளில் புயல்கள் பன்மடங்கு பெருகின. போர்முனை மேற்கே நகர்ந்து வண்டிகள் ஒழிந்ததும், சில ஆண்டுகளில் பழைய அளவுக்குத் தணிந்தன. காற்று அதே காற்று. மாறியது நிலத்தின் மேலோடு மாத்திரமே.

இத்தூசி விமான எந்திரத்துக்கு விஷம். அதில் பெரும் பங்கு வகிக்கும் குவார்ட்ஸ் துகள், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏழாம் படியில் நிற்பது; எஃகையே கீறவல்லது. அது எண்ணெயோடு கலந்து சிலிண்டருக்குள் புகுந்தால் அரப்பொடியாகவே வேலை செய்து, எந்திரத்தின் ஆயுளைக் குறைத்துவிடும். ஆகவே ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் ஆகிய விமானங்களின் மூக்குக்கடியில் வோக்ஸ் என்னும் பெரிய காற்று வடிகட்டியைப் பொருத்தினார்கள். எந்திரம் பிழைத்தது, ஆனால் அந்தப் பருத்த தாடை காற்றைத் தடுத்ததால் வேகம் குறைந்தது. எகிப்தின் அபுகிர் பணிமனையில் இருந்த எந்திர நிபுணர்கள் அதனினும் சிறியதொரு வடிகட்டியைத் தாமே செய்து, இழந்த வேகத்தில் ஒரு பகுதியை மீட்டார்கள்.

தூசிக்கு வடிகட்டி உண்டு, வெயிலுக்கு இல்லை. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோகிராம் எடை கொண்டது. 45 டிகிரியில் அதுவே ஏறத்தாழ 1.11 கிலோகிராமாக இளைத்துவிடும். இறக்கைக்குத் தூக்குவிசை தருவது காற்றின் அடர்த்தி; எந்திரத்துக்கு உயிர் தருவதும் அதுவே. ஆதலால் மெலிந்த காற்றில் விமானம் எழும்புவதற்கு அதிக வேகமும், அவ்வேகத்தை எட்டுவதற்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ நீண்ட ஓட்டமும் தேவைப்படுகின்றன. ஜூன் மாதத்து நண்பகலில் விமான நிலையத்தில் காத்திருக்கும் தில்லிவாசிக்கும் இது அந்நியமான கணக்கன்று. தார் பாலைவனத்திலிருந்து வரும் ஆந்தி என்னும் புழுதிக்காற்றும், 45 டிகிரி வெயிலும், அவன் ஆண்டுதோறும் அனுபவிப்பவை.

யுத்தம் முடிந்த பின்னும் எல் அடெம் ஓயவில்லை. 1951 டிசம்பரில் லிபியா சுதந்திரம் அடைந்தது; 1953-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் ஆகாயப் படை அங்கேயே தங்கிற்று. 1969 செப்டம்பரில் கடாபி மன்னராட்சியைக் கவிழ்த்தார். 1970 மார்ச் 28-ஆம் தேதி பிரிட்டிஷார் வெளியேற, தளம் எகிப்தியத் தலைவர் கமால் அப்துல் நாசரின் பெயரை ஏற்றது. இம்முறை குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை.

அத்தளத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விசித்திர விருத்தாந்தம் உண்டு. 1943 ஏப்ரல் 4-ஆம் தேதி, பெங்காசிக்கு அருகிலுள்ள ஸலூக் திடலிலிருந்து நேபிள்ஸ் நகரைத் தாக்கப் புறப்பட்ட ‘லேடி பி குட்’ என்னும் அமெரிக்க குண்டுவீச்சு விமானம், இருளில் தன் தளத்தைத் தாண்டி நெடுந்தூரம் தெற்கே பறந்து, பெட்ரோல் தீர்ந்து பாலைவனத்தில் விழுந்தது. பாரசூட் கட்டிக் குதித்த ஒன்பது பேரும் பிழைக்கவில்லை. எண்ணெய் தேடிச் சென்றவர்கள் 1958-இல் ஆகாயத்திலிருந்து அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அருகே சென்று பார்த்தபோது வானொலிக் கருவியும் இயந்திரத் துப்பாக்கியும் வேலை செய்தன. ஈரம் இல்லாத இடத்தில் துருவுக்கு இடமில்லை. 1968-இல் எல் அடெம் தளத்துப் பாலைவன மீட்புக் குழுவினர் அங்கே சென்று சில பாகங்களை எடுத்துவந்தனர். 1994-இல் சிதைவு முழுவதுமே டோப்ருக் ராணுவத் தளத்தின் பாதுகாப்புக்குக் கொண்டுவரப்பட்டது.

விமானத்தின் உலோகத்தைக் காத்த அதே வறட்சி, சக்கரத் தடங்களையும் காக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய லாரித் தடங்கள் லிபிய, எகிப்தியப் பீடபூமிகளில் இன்னும் அழியவில்லை. புதைத்த கண்ணிவெடிகளும் அழியவில்லை. மேய்ச்சலுக்குப் போகும் பதூயின் மக்களுக்கு அவை இன்னும் எமனாகவே இருக்கின்றன. படைகள் நாட்டிய கொடிகளில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. அப்படைகள் நிலத்துக்குச் செய்த காயம் மட்டும் நிலைத்தது. இதை உணர்ந்து பார்த்தால், ராஜஸ்தான் எல்லையில் படைவண்டிகளும் ஆட்டு மந்தைகளும் டிராக்டர்களும் ஒருங்கே உழும் நம் தார் பாலைவனத்துக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கிவரும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம், மணற்குன்றுகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக முள்வேலி கட்டி, அவற்றின் மறைவில் மரமும் புல்லும் நட்டு, ஓடும் மணலை நிறுத்தும் முறைகளை வகுத்திருக்கிறது. ஒரு குன்றை அவ்வாறு நிறுத்த ஆண்டுகள் பல ஆகின்றன. அதைக் கலைக்க ஒரு பிற்பகல் போதும். பாலைவனத்தில் தளம் அமைப்போர், ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கிடும் அதே காகிதத்தில் இந்த இரண்டு கால அளவுகளையும் அருகருகே எழுதிக்கொள்வது நல்லது.