பங்குனியில் சிவக்கும் பறவைகள்

மாசி முடியும் சமயத்தில் வேதாரண்யத்தைச் சுற்றிய உப்பளங்களில் வேலை மும்முரமாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரிபோல் விரிந்து கிடந்த சதுப்பில் தண்ணீர் வற்றி, சேறு தலைகாட்டும். அப்போது கோடியக்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைகளைத் தேடித்தான் வருகிறார்கள். அவை அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் படைத்தவனின் நுணுக்கமான கைவேலையைப் பார்க்க வேண்டுமானால், அந்த நெடுங்கால்களுக்குக் கீழே சேற்று விளிம்பில் ஓடித் திரியும் சின்னஞ்சிறு உள்ளான்களைப் பாருங்கள் என்பேன்.

கொசு உள்ளான் இருபத்தைந்து கிராம்கூடத் தேறாது. வளைமூக்கு உள்ளான் கொஞ்சம் பெரியது. ஒரு கோழிமுட்டையின் எடை இருக்கும். மழைக்காலம் முழுவதும் இரண்டும் சேற்றோடு சேறாகச் சாம்பல் நிறத்தில் இருந்தவை. பங்குனி பிறக்கும்போது வளைமூக்கு உள்ளானின் மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த இறகுகள் முளைக்கத் தொடங்கும். வாரத்துக்கு வாரம் அந்தச் சிவப்பு பரவும். சித்திரைக்குள் முகம், கழுத்து, வயிறு எல்லாம் செங்கல் நிறமாகிவிடும். நம் ஊர் வசந்தம் மாமரத்தில் பூக்கிறது, வேம்பில் பூக்கிறது. கோடியக்கரையில் அது பறவையின் உடம்பிலும் பூக்கிறது.

இந்தச் சிவப்பு இங்கே யாருக்கும் தேவையில்லை. ஏறத்தாழ 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், சைபீரியாவின் வடகோடியில் டைமிர் தீபகற்பத்தைப் போன்ற துந்திரா வெளிகளில் துணை தேடுவதற்கான கோலம் அது. பங்குனியில் அந்த நிலம் பனிக்கடியில் உறைந்து கிடக்கும். அங்கே பனி உருகுவது ஜூனில். அதற்கு மூன்று மாதம் முன்பே, வெயில் கொளுத்தும் கோடியக்கரையில் நிற்கும் ஒரு பறவைக்கு, தயாராகு என்று யார் சொன்னது?

பகல் நீள்வதைக் கொண்டு பறவைகள் பருவத்தை அறிகின்றன என்பார்கள். அது உண்மைதான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகையில் இருக்கிற கோடியக்கரையில், வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. ஜெர்மன் அறிவியலாளர் எபர்ஹார்ட் க்வின்னர் வலசை போகும் சிறு கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று மாறாமல் கொடுத்துவந்தார். வெளியே எந்தப் பருவம் என்று அறிய வழியே இல்லாத அந்தக் குருவிகள், ஆண்டுக்கணக்கில் தம் முறைப்படி இறகு உதிர்த்தன, கொழுத்தன, புறப்பட வேண்டிய காலம் வந்ததும் இரவெல்லாம் கூண்டுக்குள் படபடத்தன. நாள்காட்டி உள்ளேயே இருக்கிறது. இத்தனை சிறிய உடம்புக்குள் அதை வைத்தவனை எண்ணும்போது என் கைகள் தாமாகவே குவிகின்றன.

கோடியக்கரையில் குழகர் கோயில் இருக்கிறது. கடற்காற்று வீசும் இந்தக் கரையில் துணை இல்லாமல் இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனிடம் மனமுருகிக் கேட்ட தலம். பங்குனிச் சதுப்பைப் பார்த்து நிற்கையில் அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். அவன் கட்டளையை உடம்பிலேயே சுமந்துகொண்டு இத்தனை உயிர்கள் வந்து தங்கும் இடத்தில் அவனுக்குத் துணைக்கா குறைவு என்று எனக்குத் தோன்றும்.

நிறத்தைவிடப் பெரிய வேலை உள்ளே நடக்கிறது. வளைந்த மூக்கின் நுனியில் தொடு உணர்வு மிக்க நுண்ணுறுப்புகள் உண்டு; கண்ணுக்குத் தெரியாத புழுவை அந்த மூக்கு சேற்றுக்குள் தடவிக் கண்டுபிடித்துவிடும். பகல் இரவு பாராமல் தின்று, புறப்படும் நாளுக்குள் எடையை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறது. கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு. பறக்கும்போது அது எரிந்து பலமும் தருகிறது, தண்ணீரும் தருகிறது. இதே குடும்பத்து உறவான பட்டைவால் மூக்கனை ஆராய்ந்தவர்கள் 1998-இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது: நெடும்பயணத்துக்கு முன் அதன் இரைப்பையும் குடலும் கல்லீரலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் உதவாத பாரத்தை உடம்பே இறக்கி வைத்துவிடுகிறது.

வடக்கே போய்ச் சேர்ந்த வளைமூக்கு உள்ளான்களின் வாழ்வு மிக அவசரமானது. இணை சேர்ந்த சில வாரங்களில் ஆண் திரும்பிவிடும். நான்கு முட்டையை அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பது தாய் மட்டுமே. பிறகு அவளும் கிளம்பிவிடுவாள். குஞ்சுகள் வழிகாட்ட எவரும் இல்லாமல், ஒருமுறைகூடக் கண்டிராத தெற்கை நோக்கித் தாமே பறக்கின்றன. எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பது அங்குள்ள லெம்மிங் என்ற எலிகளைப் பொறுத்தது. எலி பெருகிய வருடத்தில் துருவ நரி குஞ்சுகளை விட்டுவிடும். எலி அற்றுப்போன வருடத்தில் விடாது.

இந்தக் கூட்டம் சுருங்கிவருவது மனதை அறுக்கிறது. கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சார் ஈரநிலத் தலமானது. ஆயினும் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இறங்கிய கரைப்பறவைகள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. 2024-இல் வளைமூக்கு உள்ளான் உலக அளவிலேயே அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. வழியில் ஒரு சேற்றுநிலம் போனாலும் அதன் பயணக் கணக்கு தவறிவிடும். படைத்தவன் கொடுத்த கணக்கைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை?

பங்குனிக் கூட்டத்தை இன்னும் உற்றுப் பார்த்தால், சிவந்தவற்றின் நடுவே சில சாம்பலாகவே இருக்கும். போன ஆண்டு பிறந்தவை அவை. அவற்றில் பல இந்த வருடம் போகா. மற்றவை வடக்கே பறந்த பிறகும் கத்திரி வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்கி, மிச்சமிருக்கும் நீரோரம் தங்கி இரை தேடும். ஆடி, ஆவணியில் முதல் ஆண் பறவைகள் அரைகுறைச் சிவப்போடு திரும்பி இறங்கும்போது, அந்த இளசுகள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும்.