ஏர்கோன் காற்று குறைகிறதா? கேஸ் ஏற்றும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

ஏர்கோன் விசையை உச்சத்தில் வைத்தாலும் காரில் காற்று மெல்லத்தான் வருகிறது. பட்டறைக்குப் போனால் கேஸ் ஏற்ற வேண்டும் என்பார்கள். சில சமயம் மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள். பணத்தைக் கட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய பொருள் காற்று ஃபில்டர்.

காரில் இரண்டு காற்று ஃபில்டர்கள் உண்டு. ஒன்று இயந்திரத்துக்குப் போகும் காற்றை வடிகட்டுகிறது. மற்றொன்று நாம் சுவாசிக்கும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். பலர் முதலாவதை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். சில பழைய சிறிய கார்களில் கேபின் ஃபில்டர் பொருத்தும் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது.

கோளாறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காற்று குளிர்ச்சியாக, ஆனால் குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். காற்று வேகமாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் கேஸ், கம்ப்ரசர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். புதிய ஃபில்டர் போட்டும் துர்நாற்றம் போகவில்லை என்றால், உள்ளே இருக்கும் குளிர்விக்கும் காயிலில் பூஞ்சை படிந்திருக்கலாம்.

பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் முன் பயணியின் முழங்காலுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். இயந்திரத்தையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, பெட்டியைக் காலி செய்து, அதன் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி கீழே இறங்கும். பின்னால் தெரியும் மூடியைத் திறந்து பழைய ஃபில்டரை மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த இலை, தூசு, சில வேளை எலி கடித்த துணுக்குகள்கூட வரலாம். புதியதில் உள்ள அம்புக்குறி, பழையதில் இருந்த திசையையே காட்ட வேண்டும்.

இயந்திர ஃபில்டர் பானட்டுக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும். கிளிப்பையோ திருகையோ கழற்றி மூடியைத் தூக்கலாம். புதியதைப் போடும் முன் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூசு குழாய்க்குள் விழக்கூடாது. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் இடைவெளி விட்டால், வடிகட்டாத மண் உள்ளே போய் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். ஃபில்டர் சில பத்து வெள்ளிதான். இயந்திரத்தைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தாலும் காகிதம் கிழியலாம். மேலோட்டமான தூசைத் தட்டிவிடலாம், ஆனால் கறுத்துப்போனதை மாற்றுவதே சரி.

ஃபில்டரை மாற்றினால் பெட்ரோல் நிறைய மிச்சமாகும் என்ற பேச்சு கார்புரேட்டர் வைத்த பழைய சாகா, கஞ்சில் காலத்துக்குப் பொருந்தும். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கணினியே காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அடைப்பு மிகுந்தால் மேட்டில் ஏறும்போது இழுவை குறைவதுதான் முதலில் தெரியும்.

எப்போது மாற்றுவது? காருடன் வந்த கையேடு சொல்வதே அடிப்படை. ஆனால் அது பெரும்பாலும் தார்ச்சாலைக் கணக்கு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரிக்குப் பின்னால் தினமும் போகும் கார், அந்தக் கிலோமீட்டருக்கு வெகுமுன்பே அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் இரண்டையும் திறந்து பார்ப்பது நல்லது.

புகைமூட்டக் காலத்தில் கேபின் ஃபில்டருக்கு வேலை இன்னும் அதிகம். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சாதாரண காகித ஃபில்டர் பெரிய தூசைப் பிடிக்கும், புகையின் நுண்துகளை முழுதாகத் தடுக்காது. கரி சேர்த்த ஃபில்டர் வாடையைக் குறைக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால், நுண்துகள் பிடிக்கும் ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

அந்நாட்களில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றைச் சுழலவிடும் பொத்தானை அழுத்துங்கள். ஆனால் ஐந்து பேருடன் நீண்ட தூரம் போகும்போது அப்படியே விட்டால் கரியமிலவாயு கூடி ஓட்டுநருக்குத் தூக்கம் வரும். இடையிடையே சில நிமிடம் வெளிக்காற்றை விடுவது பாதுகாப்பு.

பட்டறையில் மாற்றினாலும், பழைய ஃபில்டரைக் கையில் காட்டச் சொல்லுங்கள். மாற்றினார்களா என்பதற்கு அதுவே சாட்சி.