10 லட்சம் ஆர்டர், 1,000 வாடிக்கையாளர்: ஒப்பீடுகளின் கணக்கு

ஒரு பட்டியலில் 10,00,000 ஆர்டர்கள் இருப்பதாகக் கொள்வோம். கொடுத்தவர்கள் 1,000 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு 1,000 ஆர்டர். வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரின் ஆர்டர்களையும் தேதிப்படி அடுக்க வேண்டும். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் அன்றாடம் எழுதப்படும் வேலைதான். எழுதும் விதத்தைப் பொறுத்து, பிரிப்பதற்கான செலவு மட்டும் 100 கோடிச் சோதனைகளாகவும் ஆகலாம், 20 லட்சம் செயல்களாகவும் முடியலாம்.

100 கோடி வருவது இப்படி: வெளியே வாடிக்கையாளர்களுக்கு ஒரு லூப், உள்ளே ஆர்டர் பட்டியல் முழுவதையும் வடிகட்டும் இன்னொரு லூப். 1,000 × 10,00,000 = 100 கோடி. ஹேஷ் அட்டவணை வழியாகப் பிரித்தால் ஓர் ஆர்டருக்கு ஒரு ஹேஷ் கணக்கும் ஏறக்குறைய ஒரு சமச் சோதனையும் போதும். மொத்தம் சுமார் 20 லட்சம், அதாவது 500இல் 1 பங்கு. இதற்கு ஆயத்த மெத்தட் சி ஷார்ப்பில் 2007 நவம்பரில் லிங்க் என்ற வினவல் வசதியுடன் வந்தது. ஜாவாவில் 2014 மார்ச்சில், ஜாவா 8இன் ‘குரூப்பிங்பை’யாக. ஏறத்தாழ 6 ஆண்டு 4 மாத இடைவெளி.

அடுக்கும் செலவுக்கு ஓர் அடித்தள எண் உண்டு: 1,84,88,885. ஒழுங்கற்ற 10 லட்சம் உறுப்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எந்த முறைக்கும், மிக மோசமான நிலையில் குறைந்தது இத்தனை ஒப்பீடுகள் தேவை. எல்லா வரிசை மாற்றங்களின் எண்ணிக்கைக்கு 2இன் அடிமானத்தில் மடக்கை எடுத்தால் கிடைப்பது இது. பாடநூல் பபிள் சார்ட், இடையில் நிறுத்தும் சோதனை இல்லாதபோது, 49,999.95 கோடி ஒப்பீடுகள் செய்யும். அடித்தளத்தைப் போல் 27,043 மடங்கு. வேகமான கணினி வாங்கி ஈடுகட்டக்கூடிய வித்தியாசம் அல்ல.

முழுப் பட்டியலையும் முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு பிரிப்பவர்கள் அந்த 1,84,88,885ஐ முழுதாகச் செலுத்துகிறார்கள். முதலில் பிரித்தால் கணக்கு மாறுகிறது. 1,000 ஆர்டர் கொண்ட ஒரு குழுவுக்கு அடித்தளம் 8,530 ஒப்பீடுகள். 1,000 குழுக்களுக்கு 85,30,000. வாடிக்கையாளர்களின் பெயர்களையும் அடுக்க மேலும் 8,530. கூட்டினால் 85,38,530; முழு அடுக்கலில் 46.2%. பிரித்ததற்கான 20 லட்சம் செயல்களையும் நேர்மையாகச் சேர்த்தால் 1,05,38,530, அதாவது 57%. ஒரு ஹேஷும் ஓர் ஒப்பீடும் ஒரே விலை என்று கொண்ட கணக்கு இது. பிரிக்கப் பயன்படும் கீ நீளமான எழுத்துச்சரமாக இருந்தால் சற்று மாறும்.

வாடிக்கையாளர்கள் இப்படிச் சமமாக அமைவதில்லை. ஒருவரே 5,00,000 ஆர்டர்களும், மற்ற 1,000 பேர் தலா 500ம் கொடுத்திருந்தால், பெரிய குழுவுக்கு மட்டும் 87,44,448 ஒப்பீடுகள். சிறியவற்றுக்கு 37,68,000. 1,001 பெயர்களையும் சேர்த்தால் மொத்தம் 1,25,20,988. விகிதம் 46.2%இலிருந்து 67.7%க்கு ஏறுகிறது. ஆதாயம் குறைகிறது, மறைவதில்லை.

ஆர்டர்கள் பெரும்பாலும் தேதிப்படியே பட்டியலில் சேர்கின்றன என்பதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். பிரிக்கும்போது அந்த வரிசை குழுவுக்குள் கலையாது. ஆகவே தேவையான ஒப்பீடுகள் 0. உறுதிக்காக அடுக்கினாலும், ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்களுக்குப் பயன்படும் டிம்சார்ட், ஏற்கெனவே வரிசையாக உள்ள தொடர்களைக் கண்டுகொள்ளும்: ஒரு குழுவுக்கு 999, மொத்தம் 9,99,000 ஒப்பீடுகள். இது 85,30,000இல் 11.7%. 2002இல் பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் எழுதிய முறை டிம்சார்ட். சி ஷார்ப் இயங்கும் டாட்நெட்டில், 4.5 பதிப்பு முதல், பட்டியலின் ‘சார்ட்’ மெத்தட் இன்ட்ரோசார்ட்டைப் பயன்படுத்துகிறது. அதற்கு இந்தச் சலுகை இல்லை, சம தேதிகளின் முந்தைய வரிசையைக் காக்கும் உத்தரவாதமும் இல்லை. அந்த உத்தரவாதம் வேண்டுவோர் அங்கே ‘ஆர்டர்பை’யை நாட வேண்டும். வரிசை காக்கப்படுகிறதா என்று கேட்காமல் மெத்தடைத் தேர்ந்தெடுப்பது பில்களின் வரிசையையே மாற்றிவிடக்கூடும் என்பதால், இந்த ஒரு வேறுபாட்டை எல்லா நிரலாளர்களும் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒப்பீட்டின் எண்ணிக்கையோடு, ஒவ்வோர் ஒப்பீட்டுக்குள்ளும் நடப்பதையும் எண்ண வேண்டும். ஜாவாவில் கீயைக் கொடுத்து ஒப்பீட்டாளரை உருவாக்கினால், ஒவ்வோர் ஒப்பீட்டிலும் கீ 2 முறை எடுக்கப்படுகிறது. முழு 10 லட்சத்துக்கு, அடித்தளக் கணக்கிலேயே, 3,69,77,770 முறை. சி ஷார்ப்பின் ‘ஆர்டர்பை’ கீகளை முன்கூட்டியே எடுத்து ஓர் அணியில் வைத்துக்கொள்கிறது: 10,00,000 முறை. வித்தியாசம் ஏறத்தாழ 37 மடங்கு. கீ என்பது ஓர் எண்ணை எட்டிப் பார்ப்பது மட்டுமானால் இது பொருட்டல்ல. பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றும் வேலை அதில் இருந்தால், சுமார் 3.7 கோடி முறை அந்த மாற்றம் நடக்கும். சி ஷார்ப் இதற்கு நினைவகத்தில் விலை கொடுக்கிறது: 64 பிட் கணினியில் ஓர் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் 8, இடஎண் 4, முழு எண் கீ 4, ஆக 16 பைட். 10 லட்சத்துக்கு 1.6 கோடி பைட்.

ஜெனரிக் பட்டியல்கள் ஜாவாவுக்கு 2004இலும் டாட்நெட்டுக்கு 2005இலும் வந்தன, விளைவு ஒன்றல்ல. 10 லட்சம் முழு எண்கள் டாட்நெட்டின் பழைய பட்டியலில் தலா 32 பைட் எடுத்தன: ரெஃபரன்ஸ் 8, பெட்டியிட்ட எண் 24. ஜெனரிக் பட்டியலில் தலா 4 பைட். 3.2 கோடி பைட் 40 லட்சமாக, 8இல் 1 பங்காகச் சுருங்கியது. ஜாவாவில் வகைத் தகவல் தொகுப்பின்போது அழிக்கப்படுவதால் எண் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது: ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா இயந்திரத்தின் 64 பிட் வடிவில், ரெஃபரன்ஸ்களைச் சுருக்கும் வழக்கமான அமைப்பில், 4 + 16 = 20 பைட். சாதாரண அணியைப் போல் 5 மடங்கு. வகைப் பிழைகள் தொகுக்கும்போதே பிடிபடும் நன்மை இரு பக்கமும் கிடைத்தது. இடச் சேமிப்பு ஒரு பக்கம் மட்டுமே.

1,000 குழுப் பட்டியல்கள் வளரும் செலவும் உண்டு. ஜாவாவின் அர்ரேலிஸ்ட் 10 இடங்களில் தொடங்கி ஒன்றரை மடங்காக வளர்கிறது; 1,000 உறுப்புக்கு 12 முறை வளர்ந்து 1,234 இடங்களில் நிற்கும், வழியில் 2,456 நகல்கள் எடுக்கும். டாட்நெட் பட்டியல் 4இல் தொடங்கி இரட்டிப்பாகிறது: 8 வளர்ச்சி, 1,020 நகல், 1,024 இடம். இங்கே டாட்நெட் முந்துகிறது. 1,025ஆவது ஆர்டர் வந்ததும் அது 2,048க்குத் தாவி 1,023 இடங்களைக் காலியாக வைக்கும். ஜாவாவில் அப்போது காலி 209 மட்டுமே.

இவை எல்லாம் நூலகத்தின் உள்கணக்கு சரி என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. 2015இல் ஸ்டெய்ன் டி கவ் குழுவினர் ஜாவாவின் டிம்சார்ட்டை முறைப்படி நிரூபிக்க முயன்றபோது, 6,71,08,864 உறுப்புகள் கொண்ட ஓர் அணி அதை முறிக்கும் என்று காட்டினார்கள். இணைக்கக் காத்திருக்கும் தொடர்களைக் குறித்துவைக்கும் அடுக்கு 40 இடங்களோடு இருந்தது, அது போதவில்லை. பைத்தான் இணைப்பு விதியையே திருத்தியது. ஜாவா 40ஐ 49 ஆக்கியது: 2 அணிகள், 9 கூடுதல் இடங்கள், தலா 4 பைட், ஆக 72 பைட். 49ம் போதாது என்று 2018இல் இன்னோர் ஆய்வு காட்டிய பிறகு, ஜாவா 11இல் விதி திருத்தப்பட்டது.